சிவப்புத் தாள் சுத்துன அரிக்கேன் விளக்கு

அன்பு மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போட லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோ. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுனு படிச்சப்புறம்தான் மனசு ஆறுச்சு, மாடிப்படி ஏற விடாத, சொன்னா கேக்க மாட்டாங்க எனக்குத் தெரியும், பேசாம கீழ் ரூம்லயே கட்டிலைப் போட்டுரு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியவனுக்கு 11 வயசு முடிஞ்சுருச்சு, டச்சு பாஷை என்னைய விட நல்லா பேசுறான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்னாங்கனு க்ளாஸ்ல சொன்னா பசங்க அதை நோட்டுல எழுதிக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிடுறாங்க, ஒரு மனுஷனோட கதையா உண்மையா நடந்தது ஏதாவது இருந்தா எழுதுடானு கேட்டிருந்த. அந்த வரியைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், ஏன்னா அப்படி ஒண்ணு நான் தினமும் போற ரயில் பாதையிலயே நடந்திருக்கு, அது தெரியாமலே எட்டு மாசம் அந்த வழியா போயிட்டு வந்திருக்கேன்.

இங்க பெல்ஜியத்துல எனக்கு வீடு லூவன்ல, வேலை மெக்கலென்ல, நடுவுல பூர்ட்மேர்பேக்னு ஒரு சின்ன ஸ்டேஷன், அரை நிமிஷம் நிக்கும். அங்க ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. ஒருநாள் பெரியவன் கூட வந்தான், அதென்னப்பானு கேட்டான், எனக்குப் பதில் தெரியல. அந்த வாரமே லீவு போட்டு அவனைக் கூட்டிக்கிட்டு மெக்கலென்ல இருக்குற டோசின் மியூசியத்துக்குப் போனேன்.

டோசின்றது பழைய ராணுவ பாரக்ஸ் மாப்ள. 1942ல இருந்து 1944 வரைக்கும் பெல்ஜியத்துல பிடிச்ச யூதர்களையும் ரோமா (ஜிப்ஸி) ஜனங்களையும், நாட்டைப் பிடிச்சு வெச்சிருந்த நாஜிகள் அங்கதான் அடைச்சு வெச்சு, ஆள் சேர்ந்ததும் ரயில்ல ஏத்தி போலந்துல இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்புனாங்க. மொத்தம் 25 ஆயிரத்துக்கும் மேல. பக்கத்துலயே தண்டவாளம், ஒரு பக்கம் பிரஸ்ஸல்ஸ், ஒரு பக்கம் ஆன்ட்வெர்ப், ரெண்டு ஊர் யூதர்களையும் கொண்டு வர வசதியான எடம்னு பாத்துப் பிடிச்சிருக்காங்க. அந்த பாரக்ஸ்ல பெரும்பகுதி இப்ப அபார்ட்மென்ட், பால்கனியில பூத்தொட்டி தொங்குது. எதிர்ல இருக்குற மியூசியத்துல ஒரு சுவர் மாடி மாடியா உசந்து போகுது, போனவங்க எல்லாரோட முகமும் போட்டோவா இருக்கு, போட்டோ கிடைக்காதவங்களுக்கு வெறும் உருவம் மட்டும் வரைஞ்சு வெச்சிருக்காங்க. எம்பையன் அந்த முகமில்லாத உருவங்களையே பாத்துக்கிட்டு நின்னான்.

இப்ப கதை. 1943 ஏப்ரல் 19 ராத்திரி. அதே நாள்தான் போலந்துல வார்சா கெட்டோல, அதாவது யூதர்களை அடைச்சு வெச்சிருந்த பகுதியில, யூதர்கள் ஆயுதம் எடுத்துச் சண்டையைத் தொடங்குனதும். அன்னைக்கு டோசின்ல இருந்து இருபதாவது ரயில் கிளம்புது, உள்ள 1,631 பேர். அதுக்கு முந்தி போன ரயில்கள் எல்லாம் சாதாரண மூணாங்கிளாஸ் பெட்டிங்க, அதுல ஜன்னல் வழியா நெறைய பேர் குதிச்சுத் தப்பிச்சதால இந்தத் தடவை முதல்முறையா மாடு ஏத்துற கூட்ஸ் பெட்டியைக் கொண்டு வந்து, சின்ன ஜன்னலுக்கும் முள்கம்பி அடிச்சு, வெளிய பூட்டி அனுப்புறாங்க.

யூரா லிவ்ஷிட்ஸ்னு ஒரு இளம் டாக்டர், 25 வயசு, அவரும் யூதர், கியேவ்ல பிறந்தவர். இந்த ரயிலை வழியில நிறுத்தி ஜனங்களை வெளிய விடணும்னு அவருக்கு எண்ணம். ஆயுதம் வெச்சிருந்த எதிர்ப்புக் குழுக்கிட்ட கேட்டதுக்கு ஆபத்து ஜாஸ்தி, நடக்காதுன்னுட்டாங்க. அவங்களையும் நான் தப்பு சொல்ல மாட்டேன், ஒரு ரயில் நிறைய காவலாளிங்க துப்பாக்கியோட வரும்போது யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. இவர் கூடப் படிச்ச ரெண்டு பேரைக் கூப்பிட்டார், ழான் ஃப்ராங்க்லமோன், ரொபேர் மெஸ்ட்ரியோ. இவங்க யூதர்கள் கிடையாது, கூடப் படிச்ச தோஸ்து கூப்பிட்டான், வந்துட்டாங்க. மெஸ்ட்ரியோவுக்கு 22 வயசு. மூணு பேர்கிட்டயும் சேத்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி, கட்டிங் பிளேயர், அப்புறம் ஒரு அரிக்கேன் விளக்கு, அதுல சிவப்புத் தாளைச் சுத்தியிருக்காங்க. பிரஸ்ஸல்ஸ்ல இருந்து சைக்கிள்லயே வந்திருக்காங்க மாப்ள.

பூர்ட்மேர்பேக்குக்கும் அடுத்த ஊரான ஹாக்டுக்கும் நடுவுல விளக்கைத் தண்டவாளத்துல வெச்சுட்டுப் புதர்ல பதுங்கிட்டாங்க. டிரைவர் சிவப்பு வெளிச்சத்தைப் பாத்து சிக்னல்னு நெனச்சு பிரேக் போட்டுட்டார். மெஸ்ட்ரியோ ஓடிப்போயி ஒரு பெட்டிக் கதவுல இருந்த கம்பியை வெட்டி இழுத்துத் திறக்குறார், வெளிய வாங்க வாங்கனு கத்துறார், உள்ள சிலர் தயங்குறாங்க, ஏன்னா தப்பிச்சா சுடுவோம்னு மிரட்டி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள காவலாளிங்க சுட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பெட்டியில இருந்து 17 பேர் இறங்குனாங்க, ஊர் போய்ச்சேர ஆளுக்கு 50 ஃப்ராங்க் நோட்டு ஒண்ணைக் கையில கொடுத்து அனுப்பியிருக்கார். சுடுறான், ஓடணும், அதுக்கு நடுவுலயும் இவங்க டிக்கெட்டுக்கு என்ன பண்ணுவாங்கனு யோசிச்சு முன்னாடியே காசு சேத்து எடுத்துட்டு வந்திருக்காங்க பாரு, அந்த எடத்துலதான் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ஆனா பசங்ககிட்ட 17ன்ற நம்பரோட நிறுத்திடாத. அந்த ரயில்ல இருந்து அன்னைக்கு ராத்திரி 230 பேருக்கு மேல குதிச்சிருக்காங்க. மிச்சவங்க எல்லாம் தாங்களாவே வழி பண்ணிக்கிட்டவங்க. ரெஜின் க்ரோக்மால்னு ஒரு நர்ஸ், ரொட்டி வெட்டுற கத்தியால ஜன்னல்ல இருந்த மரச்சட்டத்தை அறுத்து அது வழியா குதிச்சாங்க, விளக்கு வெச்ச எடத்துக்கு ரயில் வர்றதுக்கு முந்தியே. டிரைவர் ஆல்பர்ட் துமோன் பெல்ஜியம்காரர், அவர் தீனன்ல இருந்து டோங்கரன் வரைக்கும் முடிஞ்ச அளவு ரயிலை மெதுவாவே ஓட்டி, சாக்கு கிடைச்ச எடத்துல எல்லாம் நிறுத்தியிருக்கார், குதிக்கிறவங்க சாகக்கூடாதேனு. யூதர்கள் ஆட்டு மந்தை மாதிரி பேசாம போனாங்கனு சிலர் சொல்லுவாங்கல்ல, நாமளும் ஒரு காலத்துல அப்படிப் பேசியிருக்கோம், இனி அதை என் காதுபட யார் சொன்னாலும் சும்மா இருக்க மாட்டேன்.

அப்படிக் குதிச்சதுல ரொம்பச் சின்னப் பையன் சிமோன் க்ரோனோவ்ஸ்கி. வயசு 11. இதைப் படிச்சப்ப எம்பையன் கைய நான் இறுக்கிப் பிடிச்சிருந்தேன்னு அவன் சொல்லித்தான் தெரியும். பிரஸ்ஸல்ஸ்ல எட்டர்பேக் பகுதியில இவங்க அப்பா தோல் சாமான் கடை வெச்சிருந்தார். அதே வருஷம் மார்ச் 17 காலையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கெஸ்டாபோ, அதான் நாஜிகளோட ரகசிய போலீஸ், வந்து அம்மா, அக்கா, இவன் மூணு பேரையும் பிடிச்சுட்டாங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார், வீட்டுக்காரர் எங்கனு கேட்டதுக்கு அந்த அம்மா அவர் செத்துட்டார்னு சொல்லிருச்சு. ஒரே ஒரு பொய், அந்த மனுஷன் உசிரு பிழைச்சார்.

டோசின்ல ஒரு மாசம். அக்கா இட்டாவுக்கு பெல்ஜியம் குடியுரிமை இருந்ததால அவங்களைத் தனியா நிறுத்தி வெச்சுட்டாங்க. அம்மாவுக்கு நம்பர் 1233, இவனுக்கு 1234. அங்க இவனும் மத்த பசங்களும் அடுக்குக் கட்டில் மேல இருந்து கீழ குதிச்சுக் குதிச்சுப் பழகியிருக்காங்க, ஓடுற ரயில்ல இருந்து குதிக்கிறதுக்கு ப்ராக்டிஸ். நாம ஸ்கூல் படிக்கையில அவுட்டர்ல பாசஞ்சர் மெதுவாகும்போது குதிப்போமே, ரயில் போற திசையிலயே ஓடணும் இல்லனா முகரை பேந்துரும்னு உங்கண்ணன் சொல்லிக் கொடுத்தாரே, அது நமக்கு வெளையாட்டு. இந்தப் புள்ளைங்களுக்கு வெளையாட்டே அதுவா ஆயிருக்கு.

ரயில் நின்னு திரும்பக் கிளம்புன பிறகு இவன் இருந்த பெட்டியில ஆம்பளைங்க உள்ளேருந்தே கதவைத் திறந்துட்டாங்க. அம்மா தூங்கிட்டிருந்த இவனை எழுப்பி 100 ஃப்ராங்க் நோட்டு ஒண்ணு கொடுக்குறாங்க, அதைச் சாக்ஸுக்குள்ள சொருகிக்கிறான். கதவுக்கிட்ட ஒரு ஃபுட்போர்டு, அதுல இவன் கால் எட்டல, அம்மா சட்டையையும் தோளையும் பிடிச்சு மெதுவா இறக்கி விடுறாங்க. வேகமா போகுது, குதிக்க முடியல. ரயில் ரொம்ப வேகமா போகுதேனு அம்மா யூதர்கள் பேசுற யிட்டிஷ் பாஷையில சொல்றாங்க. அவங்ககிட்ட இவன் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். கொஞ்சம் வேகம் குறையுது, குதிச்சுட்டான். அம்மாவும் குதிப்பாங்கனு அங்கேயே நிக்கிறான், ரயில் நிக்குது, காவலாளிங்க கத்திக்கிட்டே இவன் இருக்குற பக்கமா சுட்டுட்டு வராங்க, இவன் சரிவுல இறங்கிக் காட்டுக்குள்ள ஓடிட்டான். அம்மா இறங்க முடியாதுனு தெரிஞ்சிருந்தா நானும் ரயில்லயே இருந்திருப்பேன்னு பெரியவரான பிறகு சொல்லியிருக்கார்.

ராத்திரி பூரா அக்கா பியானோல வாசிக்கிற ஜாஸ் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே நடந்து, விடிஞ்சதும் போர்க்லூன் பக்கம் ஒரு கிராமத்துல ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறான். வெளையாடிக்கிட்டு இருந்தேன் வழி தவறிட்டேன்னு சொல்றான், சட்டை கிழிஞ்சு மண்ணா இருக்கு. கதவைத் திறந்த ஒரு அம்மா உள்ளூர் போலீஸ்காரர்கிட்ட கூட்டிட்டுப் போகுது, அவர் பேரு யான் ஆர்ட்ஸ். அந்த ராத்திரி செத்தவங்க உடம்பை ஏற்கெனவே கொண்டு வந்திருக்காங்க, பையன் எங்கேருந்து வர்றான்னு அவருக்கு விளங்கிருச்சு. ஜெர்மன்காரங்ககிட்ட ஒப்படைச்சிருந்தா யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. அவர் பையா பயப்படாத, எனக்கு எல்லாம் தெரியும், காட்டிக் கொடுக்க மாட்டேன்னு சொல்லி, வீட்டுல சோறு போட்டு, வேற துணி உடுத்தி, பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் ஏத்தி விட்டார். பையன் அப்பாகிட்ட போய்ச் சேந்துட்டான். ரெண்டு பேரும் வேற வேற கத்தோலிக்கக் குடும்பங்கள்ல 1944 செப்டம்பர் வரைக்கும் ஒளிஞ்சு இருந்தாங்க.

நல்லது மட்டும் சொல்லி முடிச்சா அது பொய்யாயிரும் மாப்ள. குதிச்சவங்கள்ல பாதிப் பேர்தான் தப்பிச்சாங்க, 20 பேருக்கு மேல சுட்டும் அடிபட்டும் செத்தாங்க, மத்தவங்களைப் பிடிச்சு அடுத்த ரயில்கள்ல ஏத்திட்டாங்க. ஏப்ரல் 22ஆம் தேதி சுமார் 1,400 பேர் ஆஷ்விட்ஸ் போய்ச் சேந்தாங்க, பாதிக்கு மேல நேரா விஷவாயு அறைக்கு, போர் முடிஞ்சப்ப உசிரோட இருந்தவங்க சுமார் 150 பேர். சிமோனோட அம்மா அங்கயே போயிட்டாங்க. அக்காவை அதே 1943 செப்டம்பர்ல அனுப்பினாங்க, அவங்களும் வரல. அப்பா ரெண்டு பேருக்காகவும் காத்திருந்து காத்திருந்து 1945 ஜூலையில இறந்துட்டார். சிமோன் 13 வயசுல தனி ஆள்.

லிவ்ஷிட்ஸ் பிடிபட்டு, தப்பிச்சு, திரும்பப் பிடிபட்டு 1944 பிப்ரவரி 17 அன்னைக்கு பிரஸ்ஸல்ஸ்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. மத்த ரெண்டு பேரையும் வதை முகாம்ல போட்டாங்க, பிழைச்சு வந்தாங்க. மெஸ்ட்ரியோ 2008 வரைக்கும் இருந்தார்.

சிமோன் படிச்சு வக்கீல் ஆனார், அக்கா மாதிரியே ஜாஸ் பியானோ வாசிப்பார், ஆனா ஏறக்குறைய அறுபது வருஷம் இதை வெளிய பேசல, 2002லதான் புத்தகமா எழுதுனார். டோசின்ல காவலாளியா இருந்த ஒருத்தர் சாகும் தறுவாயில இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார், இவர் கட்டிப்பிடிச்சு மன்னிச்சுட்டார். என்னால அது முடியுமானு பல நாள் யோசிச்சேன், முடியாதுன்னுதான் தோணுது. கொரோனா லாக்டவுன்ல பிரஸ்ஸல்ஸ் தெருவே வெறிச்சோடிக் கிடந்தப்ப, 88 வயசுல ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு ஜனங்களுக்காக பியானோ வாசிச்சிருக்கார்.

மியூசியத்துல இருந்து திரும்பும்போது ரயில் பூர்ட்மேர்பேக்ல நின்னுச்சு. அப்பா, அந்த அம்மா ஏன் அவனை முதல்ல இறக்கி விட்டாங்கனு பையன் கேட்டான். அப்படித்தான்டா விடுவாங்கன்னேன். அதுக்கு மேல பேச முடியல.

உன் பசங்களுக்கு இதைச் சொல்லு, அவங்க என்ன கேள்வி கேக்குறாங்கனு ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. அம்மா நடக்க ஆரம்பிச்சதும் ஒரு போட்டோ அனுப்பு, டிசம்பர்ல வரும்போது அவங்களுக்கு நல்ல கம்பளி கொண்டு வரேன்.

உன் பழைய பெஞ்ச்மேட்
லூவன்ல இருந்து