7/50 என்பது விலை இல்லை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டார்க்ரூமுக்கு,

இந்த வயதிலும் அந்தப் பெயர்தானா என்று உன் வீட்டில் கேட்டால், நாற்பது வருஷம் இருட்டறையில் குடியிருந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்று நான் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாமல் இரு. மேலே இருக்கிற நெகட்டிவ் பெட்டிகளைப் பேரனை விட்டு இறக்கிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரிக்குத்தான் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மே மாதத்திலும் ஸ்வெட்டரோடு சமைக்கிறாள். முருங்கைக்காய் தெருமுனையிலேயே கிடைக்கிறது. விலையைச் சொன்னால் நீ அங்கிருந்தே திட்டுவாய், அதனால் சொல்லவில்லை.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா இங்கே கஸ்டம் ஹவுஸ் பகுதியில் இருந்த வெஸ்ட் ஹாம் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சக்கரம் வாரிக் குவித்த மண்ணை இழுத்துச் சமப்படுத்துகிற வேலை. அவர் அந்த டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பந்தயக்காரர் படங்கள் நாற்பத்து மூன்று. இரண்டே இரண்டின் பின்னால்தான் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் யார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். ரிட்டையர் ஆனவன், படங்களைப் பற்றி உன்னிடம் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெரிந்தவன், எப்படி இல்லை என்று சொல்வேன்?

ஸ்பீட்வே என்று பெயர். நாம் சோழவரத்துக்குப் பஸ் பிடித்துப் போய், விமான ஓடுதளத்தில் வெயிலில் காய்ந்துகொண்டு பார்த்தோமே, அந்த மாதிரி இல்லை இது. முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிஷத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். வண்டிக்கு பிரேக் கிடையாது. ஒரே கியர். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, இடது காலைத் தரையில் தேய்த்தபடி போவார்கள். ஆஸ்திரேலியாவில் 1923-இல் வெஸ்ட் மைட்லண்ட் என்ற ஊர்ப் பொருட்காட்சியில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் தொடங்கி வைத்தார் என்பார்கள். இங்கிலாந்துக்கு வந்தது 1928 பிப்ரவரி 19. எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடம், ஒரு மதுக்கடையின் பின்புறம். சில ஆயிரம் பேர் வந்தால் போதும் என்று இருந்தவர்களைக் கூட்டம் திணறடித்துவிட்டதாம். அந்த வருஷமே வெஸ்ட் ஹாம் ஸ்டேடியமும் திறந்துவிட்டது. 1933-இல் வெம்ப்ளி அணியோடு நடந்த பந்தயத்துக்கு 82,400 பேர். அதே ஸ்டேடியத்தில் 1930 டிசம்பரில் ஒரு லீக் கால்பந்து ஆட்டத்துக்கு வந்தவர்கள் 469 பேர்! கால்பந்துக்குப் பிறந்த ஊர் என்று பீற்றிக்கொள்கிற லண்டனில்.

சரி, படங்களுக்கு வருகிறேன். முதல் நாள் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆளை அடையாளம் காணவேண்டுமாம், ஆனால் முகமே இல்லை! தலையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு ஹெல்மெட், கண்ணை மூடிய காகிள்ஸ், மண் வாயில் போகாமல் மூக்குவரை இழுத்துக் கட்டிய துணி. மிச்சம் தெரிவது இரண்டு கன்னத்து எலும்பு, அதன் மேலும் சகதி. 1928, 29-இல் பெண்களும் ஓட்டியிருக்கிறார்கள். ஃபே டெய்லர் என்ற ஐரிஷ் பெண் ஆண்களையே ஜெயித்திருக்கிறாள். 1930-இல் பெண்கள் ஓட்டக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஆகவே மிகப் பழைய படமாக இருந்தால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதே முதல் கேள்வி.

ஒரு வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. முகத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் வண்டி. நீளமாக, இன்ஜின் படுத்த வாக்கில் இருந்தால் அது டக்ளஸ், 1930-ஐ ஒட்டிய காலம். அந்த வண்டிக்காரர்கள் இடது காலைப் பின்னால் நீட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இன்ஜின் ஒற்றை சிலிண்டராக நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் ஜேஏபி, இங்கேயே டாட்டனத்தில் செய்தது. முப்பதுகளில் வந்து, அறுபதுகளில் செக்கோஸ்லோவாகியா வண்டிகள் வரும்வரை அதன் ராஜ்யம்தான். அதில் கால் முன்னால் வந்துவிட்டது. அப்புறம் புறப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும். குறுக்கே கட்டிய நாடா மேலே எழும்பும் அமைப்பு இருந்தால் முப்பதுகளுக்கு முன்னால் எடுத்த படமாக இருக்க முடியாது. அதற்கு முன் ஓடிக்கொண்டே வந்துதான் கோட்டைத் தாண்டுவார்கள்.

அடுத்தது சட்டைக்கு மேல் மாட்டும் அணி அங்கி. வெஸ்ட் ஹாமுக்குக் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல். வெம்ப்ளிக்குச் சிங்கத் தலை. மான்செஸ்டரின் பெல் வியூவுக்குச் சீட்டுக்கட்டு ஏஸ். நட்சத்திரம் என்றால் தலைவலி, விம்பிள்டனுக்கும் நட்சத்திரம், நாரிச்சுக்கும் நட்சத்திரம். நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் எல்லாம் கறுப்பு வெள்ளை.

இந்த இடத்தில்தான் உன்னை நினைத்துக்கொண்டேன். வெஸ்ட் ஹாமின் நிறம் சிவப்பும் நீலமும். ஒரு படத்தில் அங்கியின் ஒரு பாதி கரிக்கறுப்பு, மறு பாதி வெளிறிய சாம்பல். இன்னொரு படத்தில் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே சாம்பல். வேறு வேறு அணி என்று இரண்டு நாள் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தேன். பிறகு, உன் அப்பா காலத்துக் கல்யாணப் படங்களில் குங்குமப் பொட்டு ஏன் மை வைத்த மாதிரி கறுப்பாக விழுந்திருக்கிறது என்று நீ ஒருநாள் விளக்கியது ஞாபகம் வந்தது. ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அது கறுப்பு. நீலம் அதற்கு ஏறக்குறைய வெள்ளை. எல்லா நிறமும் தெரிகிற பான்க்ரோ ஃபிலிம் வந்த பிறகு இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சாம்பல். அதே சுத்தியல், அதே அணி, ஃபிலிம் மட்டும் வேறு. எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

இன்னொன்றும் உன்னால்தான். ஒரு படம் ஏதோ கோணலாகவே பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஸ்பீட்வேயில் எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசைதான், வளைவெல்லாம் இடது பக்கம்தான். இடது பூட்ஸின் அடியில் மட்டும் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள், தரையில் தேய்ந்து போகாமல் இருக்க. இந்த ஆள் வலது காலைத் தேய்த்துக்கொண்டு வலப்பக்கம் திரும்புகிறான்! எவனோ நெகட்டிவைப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறான். குறுக்குச் சுத்தியலைக் கண்ணாடியில் பார்த்தாலும் அதே மாதிரிதான் இருக்கும், அதனால் அது காட்டிக் கொடுக்கவில்லை. இரும்புச் செருப்புதான் காட்டிக் கொடுத்தது. உன் கடையில் இப்படி ஒன்று நடந்து, மாப்பிள்ளைக்குச் சட்டைப் பை வலது பக்கம் வந்து, பெண் வீட்டார் சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறதா?

முதுகில் எண் தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அன்றைய புரோகிராம் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு நேரே பெயர் அச்சாகியிருக்கும். ஆனால் எண் மட்டும் இருந்து தேதி இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, இன்றைக்கு மூன்றாம் எண் போட்டவன் அடுத்த வாரம் ஐந்தாம் எண் போடுவான். டப்பாவின் அடியில் ஒன்பது புரோகிராம்கள் இருந்தன. அவற்றை வைத்து ஆறு பேரை உறுதி செய்தேன். நாற்பத்து மூன்றில் ஆறு. குறைவுதான், ஆனால் அந்த ஆறும் கோர்ட்டில் நிற்கும்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

டப்பாவில் ஒரே ஒரு படத்தில் முகம் முழுசாகத் தெரிகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுத்தியல் போட்ட அங்கியோடு ஒருவன் வண்டி மேல் சாய்ந்து நிற்கிறான். கொஞ்சம் ஒடுங்கிய முகம், வாரிவிட்ட தலை. பார்த்தவுடனேயே ஜாக் யங் என்று முடிவு கட்டிவிட்டேன். அடிலெய்ட்காரர், 1951, 1952 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன். இரண்டு முறை அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆள். புத்தகத்தில் பார்த்த படத்தோடு ஒப்பிட்டேன், காது, தாடை எல்லாம் பொருந்துகிற மாதிரி இருந்தது. மனசு ஒன்றை விரும்பிவிட்டால் காது கூடப் பொருந்திவிடுகிறது! அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு உலகச் சாம்பியன் தன் வீட்டு டப்பாவில் இருந்திருக்கிறார். உடனே பேனாவை எடுத்துப் படத்தின் பின்னால் பெரிய எழுத்தில் பெயரை எழுதிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே பின்பக்கத்தில், மூலையில், பென்சிலில் 7/50 என்று இருந்தது. ஏதோ விலை என்று விட்டுவிட்டேன். இங்கே பழைய காலத்தில் ஷில்லிங், பென்ஸை அப்படித்தான் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். நான்கு நாள் கழித்துப் பேச்சுவாக்கில் அந்த அம்மாவிடம், அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு ஏழு ஷில்லிங் ஐம்பது பென்ஸ் கொடுத்தாரா உங்கள் அப்பா, அதிகமாக இருக்கிறதே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பன்னிரண்டு பென்ஸ் ஆனால் ஒரு ஷில்லிங் ஆகிவிடுமே, ஐம்பது பென்ஸ் எங்கிருந்து வரும் என்றார். நம் ஊரில் அணா பைசாக் கணக்குப் போட்டு வளர்ந்த அப்பாக்களின் பிள்ளைகள் நாம், எனக்கு அது உறைக்கவில்லை.

அப்படியானால் அது 1950 ஜூலை. ஜூலை 1950-இல் ஜாக் யங் எடின்பரோவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார், இரண்டாம் டிவிஷனில். முதல் உலகப் பட்டமே அந்த அணியில் இருந்துதான் வாங்கினார். வெஸ்ட் ஹாமுக்கு வந்தது 1952-இல். படத்தில் இருப்பது யாரோ. அந்த வருஷம் உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்த வாலி கிரீன் வெஸ்ட் ஹாம்காரர், அவராக இருக்கலாம். ஆஸ்திரேலியரான ஆப் லாசனாகவும் இருக்கலாம். இரண்டு பெயரையும் இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

பெயர் இல்லாத படத்தை அடுத்தவன் ஒருவன் கையில் எடுத்து யோசிப்பான். தப்பான பெயர் எழுதிய படத்தை யாரும் யோசிக்க மாட்டார்கள், அப்படியே நம்பி அடுத்த இடத்தில் எழுதிவிடுவார்கள். அந்த நான்கு நாளில் அவருடைய மகன் அதை இரண்டு பேருக்கு அனுப்பியும் விட்டானாம்.

போன வியாழக்கிழமை மனசு கேட்காமல் பஸ் ஏறி அந்த ஸ்டேடியம் இருந்த இடத்துக்குப் போனேன். 1972-இல் மூடி இடித்துவிட்டார்கள், இப்போது முழுக்க வீடுகள். ஆனால் தெருப் பெயர்களைப் பார்: அட்கின்சன் ரோடு, குரூம்ப்ஸ் ரோடு, வில்கின்சன் ரோடு, யங் ரோடு, ஹாஸ்கின்ஸ் குளோஸ், லாசன் குளோஸ். எல்லாம் இந்த ஆட்கள்தான். வில்கின்சனை ‘ப்ளூயி’ என்பார்கள். ஆஸ்திரேலியாவில் செம்பட்டைத் தலைக்காரனுக்கு வைக்கிற பட்டப்பெயராம் அது, நாம் கறுப்பாக இருப்பவனை வெள்ளையா என்று கூப்பிடுவதைப் போல. 1936-இல் நடந்த முதல் உலக இறுதிப் போட்டியில் தன் ஐந்து ஓட்டத்தையும் ஜெயித்தும், முந்தைய சுற்றுகளிலிருந்து கொண்டு வந்த போனஸ் புள்ளி குறைந்ததால் பட்டம் போய்விட்டது அவருக்கு. 1938-இல் வாங்கினார். 1940-இல் சிட்னியில் சாலை விபத்தில் இறந்துபோனார். யங் ரோட்டில் ஒரு பையன் சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறான் என்று பார்த்தேன், வலப்பக்கம்.

அந்த அம்மா தன் அப்பாவைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஒரு வாசனைதான். பந்தய இரவுகளில் வீட்டுக்கு வந்தால் கோட்டில் ஒரு வாசனை வருமாம், பிறகு எங்கேயும் அந்த வாசனை வந்ததில்லையாம். ஸ்பீட்வே இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று படித்த ஞாபகத்தில், எங்கள் வீட்டு விளக்கெண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். எரிந்தால்தான் அந்த வாசனை வரும் போலிருக்கிறது. வாணலியில் காய்ச்சிக் காட்டலாம் என்றேன், என் வீட்டுக்காரி அடுப்புப் பக்கமே விடவில்லை.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். ஜாக் யங் என்று எழுதியிருப்பது சாதாரண நீலப் பால் பாயின்ட் மை. பேப்பர் கனமான பழைய ஃபைபர் பேப்பர், பளபளப்பு முன்பக்கம் மட்டும்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மை பரவி முன்பக்கம் கசியுமா? பென்சிலால் எழுதிய 7/50 அழிந்துவிடக் கூடாது, இப்போதைக்கு அது ஒன்றுதான் ஆதாரம். வழியே இல்லை என்றால் பெயர் மேல் ஒற்றைக் கோடு போட்டு, கீழே பென்சிலில் ‘இல்லை’ என்று எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். அந்த அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் நான்தான் எழுத வேண்டுமாம்.

சீக்கிரம் பதில் போடு. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பாதே, உன் இருமல்தான் கேட்கிறது.

என்றும் உன்,
சோழவரத்தில் தொப்பியைத் தொலைத்தவன்