படத்தின் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாய்ந்த மாடிப்படியில் நீலப் போர்வை ஒன்று தொங்கும் படத்தைத் தங்கள் நாளிதழ் மார்ச் மாதம் ஒரு நாட்டுப் போர்ச் செய்தியுடனும், ஜூனில் வேறொரு நாட்டுச் செய்தியுடனும் வெளியிட்டிருக்கிறது. இரண்டு நறுக்குகளும் என் மேசைமேல் இருக்கின்றன. இரண்டிலும் நாள், இடம், எடுத்தவர் பெயர் எதுவுமே இல்லை. தில்லியில் ஒரு பத்திரிகையின் இருட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டவன் என்பதால் இதைச் சிறு பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் கீழே சட்டத்தை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினால், தடியடியில் விழுந்தவர் மட்டும் தனியாகத் தெரிவார். வெளியே இழுத்தால், அவருக்குப் பின்னால் கல்லை ஓங்கி நிற்பவரும் வந்துவிடுவார். இரண்டும் ஒரே நெகட்டிவ்தான். எதை அச்சிடுவது என்று எங்களுக்குச் சொல்லியனுப்புவார்கள்; வாசகருக்கு யாரும் சொன்னதில்லை.

1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் திராங் பாங் கிராமத்தில், உடல் வெந்து ஆடையின்றி ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமியின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நாம் வழக்கமாகப் பார்க்கும் பிரதியில் வலப்பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. முழுப் படத்தில் அங்கே ஒரு புகைப்படக்காரர் கேமராவில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருக்கிறார். அவளை எரித்த நாபாம் என்னும் தீக்குண்டை வீசியது அமெரிக்க விமானம் என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். வீசியது அமெரிக்காவின் கூட்டாளியான தென் வியட்நாமின் விமானப்படை. அமெரிக்காவின் பொறுப்பு இதனால் குறைந்துவிடுவதில்லை என்றாலும், படம் என் மனத்தில் பதித்துவிட்ட ஒன்றைப் படித்துத்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதை எடுத்தவர் என்று இத்தனை காலம் பெயர் போடப்பட்ட நிக் ஊட்தான் எடுத்தாரா என்ற கேள்வி எழுந்து, செய்திப் படங்களுக்குப் பரிசளிக்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அவருக்குரிய பெயர்க் குறிப்பை 2025இல் நிறுத்திவைத்தது, அவர் வேலைபார்த்த ஏ.பி. செய்தி நிறுவனமோ அவர் பெயரையே தொடர்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வரிக்காக இத்தனை வழக்காடுகிறார்கள்.

படமே இல்லாமற்போன போர் தமிழர்களுக்குத் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்காலில் இறுதிச் சண்டை நடந்தபோது சுதந்திரமான செய்தியாளர்களையும் புகைப்படக்காரர்களையும் இலங்கை அரசு உள்ளே விடவில்லை. பிறகு வெளியே வந்த கொடிய காட்சிகளில் பல, வென்ற சிப்பாய்களே தங்கள் கைபேசிகளில் வெற்றிச் சின்னமாக எடுத்துவைத்தவை. உலகம் அவற்றைப் பார்த்தபோது சண்டை முடிந்திருந்தது. எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்று தெரியாமல் அந்தப் படங்களை எப்படிப் படிப்பது?

இப்போது சிக்கல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் விமானம் சுட்டு வீழ்த்தப்படும் காட்சி ஒன்று வந்தது. பக்கத்து வீட்டு மாமா அதை எனக்கும் காட்டி, "பார்த்தீரா ஓய்!" என்று பூரித்தார். அது கணினி விளையாட்டுக் காட்சி என்று மறுநாள் தெரிந்தபோது, "இருக்கட்டுமே, நடந்திருக்கும்" என்றார். இத்தகைய வேளையில் அச்சில் வரும் நாளிதழைத்தான் நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கிறோம். அதிலும் படம் அநாதையாக நின்றால் மாமாவுக்கு நான் எதைக் காட்டுவது?

ஆகவே போர்ப் படம் ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர், நாள், இடம் ஆகியவற்றைத் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படையினர் தந்த படமென்றால் அப்படியே குறிப்பிடுங்கள். பழைய படமானால் 'கோப்புப் படம்' என்று போட்டு ஆண்டையும் சேருங்கள். 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்ட செய்திப் புகைப்படக்காரர் டானிஷ் சித்திக்கி எங்கள் தில்லிக்காரர். அவரைப் போன்றோர் எடுக்கும் படங்களுக்கு 'ஏஜென்சி' என்ற ஒற்றைச் சொல் போதாது. இடம் போதவில்லையென்றால் படத்தை அரை அங்குலம் சுருக்கிக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வதென்று தங்கள் பக்க வடிவமைப்பாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருட்டறை ஊழியர்,
மயூர் விகார், தில்லி