அரையாண்டு முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடி அணி வட்டார அளவில் வென்றது, கட்டுரைப் போட்டியிலும் பரிசு வந்தது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், எட்டாம் வகுப்பு அறிவியல் பிராஜெக்ட் பற்றி ஒரு விஷயம். கடல்பசு என்கிற ஆவுளியாவையும் கடல் அட்டையையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தோம். ஆவுளியா குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும், யானைக்குத் தூரத்துச் சொந்தம். அட்டை முதுகெலும்பே இல்லாத முட்தோலி, நட்சத்திர மீனின் உறவு. இரண்டுக்கும் நம் கடல்புல் தரைதான் வீடு. அது புல்லை மேயும், இது புல்லடி மணலைத் தின்று தள்ளும். பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். (மூன்று பேர் மட்டும் ஆவுளியாவை மீன் என்று எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒரே பிரிண்ட் அவுட்.)

சிக்கல் வேறு. ஆவுளியாவைத் தூக்கிவர முடியாது, அட்டையைத் தூக்கிவர முடியும். போன செவ்வாய்க்கிழமை ஒரு மாணவனின் டிபன் பாக்ஸில் உயிரோடு ஒன்று வந்தது. மூடியைத் திறந்தால் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, அட்டை மிரண்டுபோய்த் தன் குடலையே வெளியே தள்ளியிருக்கிறது. மறுநாள் இன்னொரு பிள்ளை காய்ந்த அட்டையைச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வலை இழுத்தால் அட்டையும் சேர்ந்து ஏறும் என்பது எங்களுக்கும் தெரியும். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் 2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, ஆவுளியாவுக்குச் சமமாக. உயிரோடிருந்தாலும் காய்ந்திருந்தாலும் கையில் வைத்திருப்பதே குற்றம். உலகச் சிவப்புப் பட்டியலில் ஆவுளியா ‘அழிய வாய்ப்புள்ள இனம்’. நம் வெள்ளை அட்டையோ அதைவிட மோசமான நிலையில், ‘அருகிய இனம்’. இனி யார் பையிலாவது இப்படி வந்தால் மதிப்பெண் கிடையாது, பெற்றோர் நேரில் வர வேண்டும். வீட்டில் இருப்பதைத்தான் பிள்ளை எடுத்துவந்தது என்றால், பேச்சு பள்ளியோடு நிற்காது.

சரி, படம் வரைந்தால் போதும். களிமண்ணில் செய்தால் இன்னும் நல்லது. கடைசி நாளைத் திங்கள்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

தகவல் சொன்னதும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, அந்த டிபன் பாக்ஸ் அட்டையைக் கடலில் விட்டுவந்த அப்பாவுக்கு நன்றி. குடல் திரும்ப வளர்ந்துவிடும் என்று வகுப்புக்கே சொல்லிவிட்டுத்தான் போனார். உண்மைதான், வளரும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்