அந்தக் கார் வருமா?

அன்புள்ள கண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெர்மன் கார் கம்பெனியான போர்ஷே அடுத்து விடப்போகும் சூப்பர் கார் இதுதான் என்று அடித்துச் சொல்கிறாய். யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆசையாக வரைந்திருக்கிறார்கள். அழகாகவும் இருக்கிறது. ஆனால் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார். எஞ்சின் மூடிக்கு மேலே இரண்டு புகைக்குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. சரி, உள்ளே பெட்ரோல் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். அந்த எஞ்சினுக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது? பக்கவாட்டில் ஒரு திறப்புகூட இல்லை. ரேடியேட்டருக்கு வழி எங்கே? கதவுக்குப் பின்னால் வழவழவென்று தகடுதான் ஓடுகிறது. எஞ்சின் ஆயிரம் குதிரைத்திறன் கொடுக்கிறது என்றால், அதைவிட அதிகமான சூட்டைப் புகைக்குழாயும் ரேடியேட்டரும் சேர்ந்து வெளியே தள்ளியாக வேண்டும். இந்தக் காரை ஒரு சுற்று ஓட்டினால் வீட்டுக்கு இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். காலமெல்லாம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவளிடம் படத்தை நீட்டினால் முதலில் இந்தக் கேள்விதான் வரும், கோபித்துக்கொள்ளாதே.

படம் கற்பனை என்பதால் செய்தியும் கற்பனை என்று தள்ளிவிட மாட்டேன். நெருப்பில்லாமல் புகையாது. எங்கே நெருப்பு என்பதில்தான் உனக்கும் எனக்கும் வழக்கு.

உன் வாதத்தை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் 959, 2003-இல் கரேரா ஜிடி, 2013-இல் 918 ஸ்பைடர். 918-இன் உற்பத்தி 2015-இல் முடிந்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டார்கள், முறைப்படி அடுத்தது வந்தே தீர வேண்டும் என்கிறாய். கார் கம்பெனி பஞ்சாங்கம் பார்த்துக் கார் விடுவதில்லை, ராஜா. அந்த மூன்றும் மூன்று வேறு வேறு காரணங்களால் பிறந்தவை.

959-ஐ 1983-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் குரூப் பி என்ற ரேஸ் பிரிவுக்கான மாதிரியாகத்தான் காட்டினார்கள். அந்தப் பிரிவையே 1986-உடன் மூடிவிட்டார்கள். பிறக்கும்போதே வேலை போன கார் அது. ஆனாலும் அதே வருஷம் பாரிஸ்-டக்கார் ராலியை வென்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. கரேரா ஜிடியின் கதை இன்னும் விசேஷம். பிரான்ஸில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டும் லே மான்ஸ் பந்தயத்துக்காக ஒரு வி10, அதாவது பத்து சிலிண்டர், எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தபோது அந்த ரேஸ் கார் திட்டத்தையே கம்பெனி நிறுத்திவிட்டது. எஞ்சின் மட்டும் கையில் மிஞ்சியது. அதைச் சுற்றி ஒரு சாலைக் காரைக் கட்டி 2000-இல் பாரிஸில் காட்டினார்கள், 2003-இல் விற்பனைக்கு வந்தது. 5.7 லிட்டர், 612 குதிரைத்திறன், மொத்தமே 1,270 கார்கள்.

அந்தக் காரில் எனக்குப் பிடித்த பாகம் கிளட்ச். செராமிக் தட்டு, விட்டம் 169 மில்லிமீட்டர். உள்ளங்கையை விரித்து வைத்தால் ஏறக்குறைய மூடிவிடலாம். கிளட்ச் சின்னதானால் எஞ்சினைக் கீழே இறக்கி வைக்கலாம், வண்டியின் ஈர்ப்பு மையம் தாழும். திருப்பத்தில் அது கொடுக்கும் லாபத்துக்கு விலையை ஓட்டுபவனின் இடது கால் கட்ட வேண்டும். புதிதாக உட்கார்ந்தவர்கள் பழக்க தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டு, வண்டியை நடுரோட்டில் அணைத்துவிடுவார்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் கிளட்சை மட்டும் மெதுவாக விட்டால் தானாக நகரும். இவ்வளவு நுணுக்கமான எஞ்சினியரிங் செய்துவிட்டு, கியர் குமிழை மட்டும் பழைய 917 ரேஸ் காரின் நினைவாக மரத்தில் கடைந்து வைத்தார்கள் பார், அந்த ரசனைக்காகவே மன்னித்துவிடலாம்.

918-இன் காரணம் வேறு. 2010 மார்ச்சில் ஜெனீவாவில் மாதிரியைக் காட்டினார்கள். வாங்க ஆசை என்று 2,000 பேருக்கு மேல் கை தூக்கினார்கள். ஜூலையில் நிர்வாகம் பச்சைக்கொடி காட்டிவிட்டது. வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இப்போது போர்ஷே காட்டிய மிஷன் எக்ஸ் என்ற மாதிரிக் காருக்கு வருவோம். நீ வீட்டுக்குள் குதித்த குதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2023 ஜூன் 8-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்ததே ஒரு சாமர்த்தியம். போர்ஷே பெயர் தாங்கிய முதல் கார் சாலையில் ஓட அனுமதி வாங்கியது 1948 ஜூன் 8-இல். 75 வருஷக் கொண்டாட்டத்தில் முழு மின்சாரக் கார் ஒன்றை நிறுத்தி, இது தயாரிப்புக்குப் போனால் மற்றவற்றோடு இந்த மூன்று காரியமும் செய்யும் என்றார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே பந்தயப் பாதையில், சாலையில் ஓடும் கார்களிலேயே வேகமானதாக இருக்கும். ஒரு கிலோ எடைக்கு ஒரு குதிரைத்திறன் இருக்கும். காற்று அழுத்தித் தரையோடு பிடிக்கும் விசை அவர்களுடைய 911 ஜிடி3 ஆர்எஸ் காரை மிஞ்சும். 

மின் அமைப்பு ஏறத்தாழ 900 வோல்ட். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் அதில்தான் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். போர்ஷே ஏற்கெனவே விற்கும் மின்சாரக் காரான டேய்கான் 800 வோல்ட். அதே திறனை 900-இல் அனுப்பினால் மின்னோட்டம் ஒன்பதில் எட்டுப் பங்காகும். கம்பியில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், அது ஐந்தில் ஒரு பங்கு குறையும். வோல்ட்டை எட்டில் ஒரு பங்கு ஏற்றிவிட்டு இவ்வளவு லாபம் பார்க்கிறார்கள். பேட்டரியை வழக்கம்போலத் தரை முழுக்கப் பரப்பாமல் இருக்கைகளுக்குப் பின்னால் குவித்து வைத்ததும் நல்ல யோசனை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எடை வந்து உட்காருகிறது, ஓட்டுநரும் தாழ்வாக உட்காரலாம்.

ஆனால் அந்த ஒரு கிலோவுக்கு ஒரு குதிரை இருக்கிறதே, அங்கேதான் நான் உன்னோடு மல்லுக்கட்டுவேன். 918-க்கு 887 குதிரைத்திறன், எடை 1,674 கிலோ. கிலோவுக்கு அரைக்குக் கொஞ்சம் மேல். ரிமாக் கம்பெனியின் முழு மின்சாரக் காரான நெவேராவுக்கு 1,914 குதிரைத்திறன், ஆனால் எடை 2,300 கிலோ. பூதத்தைக் கட்டிப்போட்டுச் சுமக்கிறது, கணக்குப் போட்டால் 0.83 வருகிறது. 2024-இல் மெக்லாரன் டபிள்யூ1-ஐ அறிவித்தார்களே, அது வி8 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. 1,275 குதிரைத்திறன், எண்ணெய் தண்ணீர் இல்லாத எடை 1,399 கிலோ. வருவது 0.91. மின்சாரத்துக்காக வைத்த இலக்கைப் பெட்ரோல் ஹைப்ரிட் கிட்டத்தட்ட எட்டிவிட்டது! நோர்ட்ஷ்லைஃபேயிலும் அதே கதைதான். உலகெங்கும் சாலை அனுமதி பெற்ற கார்களில் ஏழு நிமிடத்துக்குள் முதலில் வந்தது 2013-இல் 918 தான், 6 நிமிடம் 57 விநாடி. 2024-இல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன் 6 நிமிடம் 29 விநாடியில் சுற்றிவிட்டது. அதுவும் ஃபார்முலா 1-இலிருந்து வந்த ஹைப்ரிட். 20 கிலோமீட்டருக்கு மேல் முழு வேகத்தில் விரட்டும்போது பேட்டரி சூடேறிக் கை விரித்துவிடும். பெட்ரோல் டாங்க் காலியாகக் காலியாக வண்டி இலகுவாகும். பேட்டரி காலியானாலும் அதே கனம்தான்.

இந்தக் கணக்கெல்லாம் போர்ஷே எஞ்சினியர்களுக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். அவர்களைத் தடுப்பது இயற்பியல் மட்டுமில்லை, வாங்குகிற ஆளும்தான். 150 நெவேரா செய்வதாக அறிவித்தார்கள். பணக்கார வாடிக்கையாளர்கள் மின்சார ஹைப்பர் காரை எதிர்பார்த்த அளவு விரும்பவில்லை என்று அந்தக் கம்பெனியை நிறுவிய மாட்டே ரிமாக்கே 2024-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். போர்ஷே அப்போது அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தது, உள் விவகாரம் தெரியாமல் இருந்திருக்குமா? 918-க்குக் கை தூக்கினவர்கள் இதற்குத் தூக்கவில்லை என்றால் யார் பச்சைக்கொடி காட்டுவார்? 2025 ஆகஸ்டில் சொந்தமாக பேட்டரி செல் தயாரிக்கும் திட்டத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். செப்டம்பரில் புதிய மின்சார அடித்தளத்தைத் தள்ளிப்போட்டார்கள். தங்கள் கயேன் எஸ்யூவிக்கு மேலே வரப்போகும் பெரிய எஸ்யூவியையே முதலில் பெட்ரோலிலும், வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிடிலும் மட்டும் விடுவோம் என்றார்கள். லாபம் தரும் வண்டிக்கே மின்சாரத்தை ஒத்திவைத்தவர்கள், கௌரவத்துக்காகச் செய்யும் வண்டியை மின்சாரத்தில் விடுவார்களா?

ஆகவே 2023-இல் பார்த்த அதே மிஷன் எக்ஸ் அப்படியே ஷோரூமுக்கு வரும் என்ற நம்பிக்கையை விட்டுவிடு. காட்டியதையெல்லாம் விற்றவர்கள் இல்லை அவர்கள். மிஷன் ஈ-யை 2015-இல் காட்டி 2019-இல் டேய்கானாக விற்றது உண்மை. 919 ஸ்ட்ரீட் என்று லே மான்ஸ் காரை ரோட்டுக்குக் கொண்டுவரும் மாதிரியைச் செய்து, உள்ளேயே பூட்டிவைத்து, 2020-இல் வெறும் படமாக வெளியிட்டதும் உண்மை.

காப்புரிமைச் செய்திகளை எனக்கு இனி அனுப்பாதே. ஆறு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மனு போட்டார்கள், 18 சிலிண்டருக்கு மனு போட்டார்கள். பெரிய கம்பெனிகள் எதிரி அந்த வழியில் வராமலிருக்கவும் மனு போடும். எல்லாம் வண்டியானால் நாட்டில் ரோடு போதாது.

இப்போது என் பந்தயம். கார் வரும், ஆனால் வி8 ஹைப்ரிடாக வரும். ஏன் என்று கேள். எஞ்சின் ஏற்கெனவே இருக்கிறது. ஆர்எஸ் ஸ்பைடர் என்ற ரேஸ் காரில் 3.4 லிட்டர் வி8 இருந்தது. அதன் வழியில் 918-க்கு 4.6 லிட்டர் வந்தது. 918-இன் எஞ்சினிலிருந்து, இரட்டை டர்போ போட்டு, இப்போதைய 963 ரேஸ் காரின் எஞ்சின் வந்தது. பரம்பரை அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 918-இல் அந்த எஞ்சினை எப்படி உட்கார வைத்தார்கள் என்று நீயே எனக்குப் படம் காட்டினாய். சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக வி போலச் சாய்ந்து நிற்கின்றன அல்லவா, புகை வெளியேறும் பக்கத்தை அந்த வி-யின் உள்பக்கமாகத் திருப்பி, குட்டையான இரண்டு குழாய்களை நேரே மேலே எடுத்துவிட்டார்கள். சூடு மேலோடு போய்விடும், பேட்டரி வேகாது. உன் ஓவியன் அந்தக் குழாயைத்தான் பார்த்து வரைந்திருக்கிறான். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

2025 ஜூனில் 963-ஐப் பந்தயத்தில் ஓட்டும் அணியின் முதலாளி ரோஜர் பென்ஸ்கேவுக்காக ஒரே ஒரு 963-ஐ ரோட்டில் ஓடும்படி மாற்றினார்களே, உன் வதந்திக்கு எண்ணெய் ஊற்றியதே அதுதான். வண்டியைத் தூக்கி, மழை டயர் மாட்டி, பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஓடும்படி செய்து, லே மான்ஸ் தெருவில் விட்டார்கள். 1975-இல் கவுண்ட் ரோஸி என்ற பிரபு ஒரு 917-ஐ ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு ஓட்டிப்போனதற்கு மரியாதை. இது விற்பனைக்கு முன்னோட்டம் என்கிறாய். நான் அப்படிப் பார்க்கவில்லை. தனி அனுமதியோடு ஒரு நாள் ஓடுவது வேறு. மாசுக் கட்டுப்பாடு, மோதல் சோதனை, சத்தம் எல்லாவற்றிலும் தேறி நூற்றுக்கணக்கில் விற்பது வேறு. அதோடு 2025-உடன் லே மான்ஸ் அடங்கிய உலக நெடுநேரப் பந்தய (எண்டியூரன்ஸ்) சாம்பியன்ஷிப்பை விட்டும் போய்விட்டார்கள், 963 இனி அமெரிக்காவில்தான் ஓடும். லே மான்ஸில் ஓடாத வருஷத்தில் லே மான்ஸ் காரின் தம்பியை விற்பது எந்த விளம்பரக்காரருக்கும் தலைவலி.

எனக்கு இந்தக் குழாய், காப்புரிமை எல்லாவற்றையும்விட நம்பகமான தடயம் ஒரு ஆள். 2026 ஜனவரி முதல் போர்ஷேயின் தலைவர் மிகேல் லைட்டர்ஸ். ஃபெராரியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். 2019-இல் வி8 எஞ்சினோடு மூன்று மின்மோட்டார் சேர்த்து ஆயிரம் குதிரைத்திறனில் எஸ்எஃப்90 வந்தது அவர் காலத்தில். பிறகு மெக்லாரனுக்குத் தலைவரானார், டபிள்யூ1-ஐ அறிவித்தது அவர் இருந்தபோதுதான். 2024 அக்டோபரிலேயே ஃபெராரியின் எஃப்80-ம் வந்துவிட்டது, லே மான்ஸ் வி6-இன் வழியில், 799 கார்கள். டபிள்யூ1 399. பத்து வருஷத்துக்கு முன்னால் ஃபெராரியின் லாஃபெராரி, மெக்லாரனின் பி1, போர்ஷேயின் 918 என்று மூன்றாக நின்ற வரிசையில் போர்ஷேயின் இடம் மட்டும் காலி. அந்த மனிதர் அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் இருப்பாரா? ஆனால் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை லாபத்தைத் தூக்கி நிறுத்துவது. சூப்பர் கார் இரண்டாவது வேலை. அதனால் நீ சொன்ன தேதியைவிட நான் தள்ளித்தான் வைப்பேன்.

என் பந்தயத்தை ஒரே ஒரு செய்தி உடைக்கும். பேட்டரி செல்லின் எடை பாதியாகக் குறைந்தது என்று யாராவது நிரூபித்துக் காட்டினால், வி8-ஐ நானே தூக்கிப் போட்டுவிட்டு உன் கட்சிக்கு வருகிறேன். அதுவரை விடுவதாயில்லை. மறுப்பதானால் எடையும் குதிரைத்திறனும் எழுதி அனுப்பு, படம் வேண்டாம். அப்பா 911-ஐத் தவிர வேறொன்றும் காரே இல்லை என்கிறார், அவரை இந்த வழக்கில் சேர்க்காதே.

அன்புடன்,
அம்மா