எத்தனை மெகாவாட் என்பதல்ல, எத்தனை யூனிட் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

கடல் மின்சாரம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'கடலில் எவ்வளவு ஆற்றல் கொட்டிக் கிடக்கிறது' என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. போட்ட எந்திரம் கடலில் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

அலையின் திறன் அதன் உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஒன்றரை மீட்டர் உயரமும் 7 நொடி இடைவெளியும் உள்ள அலை, ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 8 கிலோவாட் சுமந்து வரும். புயலில் அது 6 மீட்டர், 12 நொடி என்று எழும்பினால் 200 கிலோவாட்டைத் தாண்டிவிடும். வருமானம் அந்த எட்டில். இரும்பும் நங்கூரச் சங்கிலியும் வாங்க வேண்டியதோ இருநூறுக்கு. செலவு எகிறுவது இங்கேதான். 2008இல் போர்ச்சுகல் கடலில் தலா 750 கிலோவாட் திறனுள்ள மூன்று 'பெலாமிஸ்' அலைமின் எந்திரங்களை மிதக்கவிட்டார்கள். பேரிங் கோளாறு, பணமுடை இரண்டும் சேர, சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

ஓதத்திலிருந்து, அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவதிலிருந்து, எடுக்கும் மின்சாரம் வேறு ரகம். பிரான்சின் ரான்ஸ் நிலையம் 1966 முதல் ஓடுகிறது, 240 மெகாவாட். அங்கே டர்பைன்கள் கான்கிரீட் தடுப்பணைக்குள் பத்திரமாக இருக்கின்றன, ஓதமும் சராசரியாக 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட கழிமுகங்கள் உலகில் சொற்பம். அணை கட்டினால் வண்டல் படியும், மீன்களின் வழி அடைபடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அணையின்றி நீரோட்டத்திலேயே டர்பைனை இறக்கலாம். ஆனால் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோவாட்தான், 2.5 மீட்டர் என்றால் 8 கிலோவாட். அதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் கைக்கு வரும். இறக்கையில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் அதுவும் குறையும். சுழல்தண்டில் நீர் புகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை மணல் அரித்துவிட்டால் உப்புநீர் கியர்பெட்டிக்குள் புகுந்துவிடும். பழுது பார்க்கவோ, ஓதம் திரும்பும் அந்தச் சிறிது நேரம்தான் கிடைக்கும். அதுவும் ஓட்டம் தளர்ந்திருக்கும் அஷ்டமியை ஒட்டிய நாள்களில்தான் நம்பி இறங்கலாம். ஆகவே அடித்தளத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு, டர்பைனை மட்டும் கழற்றி மேலே தூக்கும்படி வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் முக்குளிப்பவரை இறக்கும் திட்டம் கட்டுப்படியாகாது.

இனி இத்தகைய சோதனைகளைப் பற்றி எழுதும்போது நிறுவுதிறனோடு, அதாவது எந்திரம் அதிகபட்சம் தரக்கூடிய மெகாவாட்டோடு, நிற்க வேண்டாம். 1 மெகாவாட் எந்திரம் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் வர வேண்டும். அதில் மின்தொகுப்புக்கு வந்தது எவ்வளவு, பழுதாகி நின்ற நாள்கள் எத்தனை என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடல்சார் பொறியாளர்