அந்தமான் பயணம்: தேதியும் டிக்கெட்டும்

எல்லாருக்கும் வணக்கம். தசரா லீவில் போகலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அக்டோபரில் அங்கே மழை விட்டிருக்காது, கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். அதனால் கிறிஸ்துமஸ் லீவுதான். டிக்கெட் விலை ஏறும், வேறு வழியில்லை. பெங்களூரிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் குழந்தைகளோடு சென்னையில் இறங்கி ஏற வேண்டாம்.

போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் படகில் சுமார் 2 மணி நேரம். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வையுங்கள். கடைசி இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில்தான். ஹேவ்லாக்கில் தங்கி, மறுநாள் படகு ரத்தானால் விமானமும் போச்சு.

இன்னொன்று, டிசம்பரில் அங்கே மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுக் கடற்கரைக்குப் போகும் நம் பழக்கம் அங்கே செல்லாது! ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அலை இருக்கும், சின்னவர்களைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பவளத்துண்டு பொறுக்கவும் வேண்டாம், விமான நிலையச் சோதனையில் மாட்டுவோம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, ஸ்ரீ விஜயபுரத்தில் தமிழர்கள் நிறைய. தீவுகளில் நெட் சரியாகக் கிடைக்காது, கையில் ரொக்கம் வேண்டும்.

வருகிறவர்கள் ஞாயிறு இரவுக்குள் பெயர், குழந்தைகளின் வயதோடு இங்கேயே போடுங்கள். 2 வயது நிரம்பாதவர்களின் பிறப்புச் சான்றிதழ் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம்.