தமிழ் மாணவர் மன்றம், மொரிஷியஸ்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொறுப்பாசிரியருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகஸ்டில் சேரும் புதியவர்கள் மன்றத்தில் எதனால் தங்குகிறார்கள், எதனால் நழுவுகிறார்கள் என்பதைப் பற்றியே இந்த அறிக்கை அதிகம் பேசும்.

சின்னக் கல்லூரியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பார்கள். முகம் தெரியும், அவ்வளவுதான். விடுதி கிடையாது, வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். மாலையில் கூட்டம் போட்டால் செயற்குழு மட்டும் உட்கார்ந்திருக்கும். ஆகவே கூட்டம் புதன்கிழமை சாப்பாட்டு வேளைக்கு மாறியது. முழுக்கத் தமிழில் நடத்தினால், தொடக்கப் பள்ளியோடு தமிழை விட்டவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள், மறுவாரம் வரமாட்டார்கள். பேச்சு இந்தத் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலில், பலகையில் எழுதுவது தமிழில் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வாரத்துக்குப் பெயர் மேசை போதும். பிரெஞ்சு முறையில் பதிவான குடும்பப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. மூத்தூசாமி முத்துசாமி ஆவார், கூப்பூசாமி குப்புசாமி ஆவார். ஆனால் ஊகித்து எழுதக் கூடாது: அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றே. சந்தேகம் வந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்ல வேண்டும். கேட்டவர் பதிலோடு திரும்ப வருவார். மூதாதையர் யாரென்று தேடுபவர்களை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களுக்கு அனுப்பலாம். அங்கிருப்பது 1834 முதல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர் குடும்பங்களை அதில் தேடிப் பயனில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் ஆளைத் தங்கவைப்பது செத் காரி, அதாவது வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி விருந்துதான். தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் வைத்தால் பலர் வெளியே கை நனைக்க மாட்டார்கள். காவடி கழிந்த மறுவாரம் நல்லது. 60 பேருக்கு அரிசி 6 கிலோ, பூசணி 5 கிலோ. வாழைக்காயும் பலாக்காயும் நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவாவிட்டால் பால் பிசின் அன்று முழுக்கப் போகாது. பூசணியைக் கடைசியில் ஏற்றுங்கள். முதலில் இறக்கினால் பந்திக்கு வரும்போது கூழாகிவிடும். இலையை முதல் நாளே அறுத்தால் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிக்கும்போது கிழியும்.

பரிமாறுவதற்கு ஏழு கறிக்கு ஏழு ஜோடி. ஒவ்வொன்றிலும் ஒரு மூத்த மாணவர், ஒரு புதியவர். வாளி புதியவர் கையில்தான் இருக்க வேண்டும். பூசணி வாளியோடு ஒரு பந்தியில் நடப்பவர் இருபது இலைமுன் குனிந்து, இருபது முகம் பார்த்து, "போதுமா?" என்று கேட்டாக வேண்டும். கூச்சக்காரருக்குப் பேச வேறு காரணம் தேவையில்லை. முந்திய முறையில் புதியவர்களை விருந்தினராக உட்கார வைத்தோம்; சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், போனார்கள். பரிமாறியவர்கள் கடைசிப் பந்தியில் ஒன்றாக உட்காரட்டும். அவர்களுக்கென்று ஒவ்வொரு கறியிலும் முதலிலேயே எடுத்து வைக்காவிட்டால் ரசமும் சோறும்தான் மிஞ்சும். அந்தக் கோபம் லேசில் ஆறாது.

காவடி வருவது புயல் மாதத்தில். முதல் நாளே காய் நறுக்கிவிட்டு, இரவில் எச்சரிக்கை நிலை ஏறி வகுப்பு ரத்தானால் எல்லாம் குப்பைக்கு. காலை வானிலை அறிவிப்பைக் கேட்ட பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

புதிய செயற்குழுவிடம் அலமாரிச் சாவி, வாளி 7, கரண்டி 6 ஒப்படைக்கப்படுகின்றன. ஏழாவது கரண்டி யார் வீட்டிலாவது இருந்தால் புதன்கிழமை கொண்டுவரவும்.

செயலாளர்